தண்டயல் நடை

பருத்தித்துறை,
13.6.1965.

அன்பு மகள் குணலட்சுமிக்கு ஐயா எழுதுவது.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அதோடு என் மானமும் போனது. வழக்கம்போல முற்றத்தில் கதிரை போட்டு, கொம்மா, பக்கத்து வீட்டு இராசமலர், மீன் கொண்டுவந்த இளையதம்பி எல்லாரும் கேட்க, செய்தி வாசிக்கிற ரேடியோக்காரன் மாதிரிக் குரலை உயர்த்தி வாசித்துக்கொண்டு போனேன். மூன்றாம் பந்தியில் நீ எழுதியிருந்தாய்: "ஐயா கோழிக்கூட்டுக் கூரைக்குள் சுருட்டு ஒளித்து வைத்திருப்பது எனக்குத் தெரியும். இந்தப் பந்தியை அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம்." வாய் வாசித்து முடித்த பிறகுதான் மூளைக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. எட்டாம் வகுப்போடு நின்ற மூளை, அந்த வேகத்தில்தான் ஓடும்.

கொம்மா எழும்பிப் போய்க் கூரையைத் தடவினாள். "நெஞ்சிலை கசநோய் வந்து மாறின பிள்ளை இருக்கிற வீடு. உங்களுக்கு வெக்கமில்லையோ?" என்றாள். வெட்கமாகத்தான் இருந்தது, அதுவும் கோழிகளுக்கு முன்னால்.

இனி நல்ல செய்தி. உன் தம்பி கனகு கடலுக்குப் போகிறான்! ஐந்து தலைமுறையாய்க் கப்பல் நடத்திய தண்டயல்மாரின் வீட்டில் பிறந்து, கரையில் கட்டிக் கிடக்கிற வள்ளத்தில் ஏறினாலே வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்த பிள்ளை. பன்னிரண்டு வயதில் என்னோடு வந்து மீன் கூடைக்குள்ளேயே எடுத்து வைத்தானே, அன்றைக்குத் துறை முழுக்க அவனுக்குச் 'சத்திக்கப்பல்' என்று பெயர் வைத்தது. அந்தப் பெயரோடுதான் ஆஸ்பத்திரிக்கும் போனான். ஆறு மாதம், தொண்ணூறு ஊசி. ஊசி இல்லாத காலத்தில் உன் பெரியையா போனார். ஊசி வந்த காலத்தில் என் பிள்ளை திரும்பி வந்தான்.

போன மாதம், சும்மா காற்று வாங்கட்டும் என்று இளையதம்பியின் வள்ளத்தில் ஏற்றிவிட்டேன். அன்றைக்கென்று சோளகக் காற்றுப் பெருத்து, வள்ளம் தொட்டில் மாதிரி ஆடியிருக்கிறது. இருபது வருஷக் கடல்காரன் இளையதம்பியே இரண்டு தரம் தலையை வெளியே நீட்டினானாம். எங்கள் ஆள் வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தில் குந்தியிருந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டிருக்கிறான். கரைக்கு வந்து இளையதம்பி என்னிடம் கேட்டான்: "அண்ணை, உங்கடை பெடியனுக்கு ஆஸ்பத்திரியிலை என்னத்தைக் குத்தினவங்கள்? எனக்கும் ரெண்டு குத்தச் சொல்லுங்கோவன்."

நடையும் மாறிவிட்டது, மகளே. காலை அகட்டி வைத்து, பாதத்தை ஊன்றி ஊன்றி, தோள் இரண்டும் ஆட வருகிறான். என் அப்பு பாய்க்கப்பலில் ரங்கூன் போய்த் திரும்பி, கரையில் இறங்கினால் அப்படித்தான் நடப்பார். தண்டயல் நடை. நான் பத்தடி பின்னால் நடந்து, ஊர் பார்க்கிறதா என்று பார்த்துக்கொண்டு போகிறேன். கொம்மா அம்மன் கோயிலில் பொங்கிவிட்டாள். ஆவணி பிறந்தால் இளையதம்பி அவனை முழுப் பங்காளியாகச் சேர்க்கிறான்.

ஒரு சின்னக் குறை. விளக்கு வைத்த பிறகு கிணற்றடிக்குப் போனால் வேலியில் முட்டுகிறான். கண் பலவீனம் என்று கொம்மா மீனெண்ணெய் பருக்குகிறாள்.

உன்னைக் காது பார்க்கிற பகுதிக்கு மாற்றியதாக எழுதியிருந்தாய். காதைப் பார்க்க ஒரு பெரிய டொக்டரும் நாலு தாதிமாருமா? இங்கே கொம்மா ஒரு கோழியிறகோடு முழு ஊருக்கும் பார்க்கிறாள்.

அன்புடன்,
ஐயா


கொழும்பு,
18.6.1965.

அன்புள்ள ஐயாவுக்கு,

இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம். வாய் முந்திவிடும் என்றுதான் முதல் வரியிலேயே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டு, என்னோடு அறையில் இருக்கிற மக்டலீனுக்கும் படித்துக் காட்டினேன். அவளும் இதே பகுதியில் தாதி, எனக்கு நாலு வருஷம் மூத்தவள். சுருட்டுக்குச் சிரித்தாள். புட்டும் மீன்குழம்பும் வந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தி, "என்ன ஊசி?" என்று கேட்டாள். நான் பெயரைச் சொன்னேன். "தம்பியைக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொல்லிப் பார்" என்றாள்.

ஐயா, பயப்படுத்த எழுதவில்லை. நான் இங்கு வந்து இரண்டு மாதம்தான், எனக்குத் தெரிந்தது கொஞ்சம். ஆனால் நான் சொல்கிறதைச் செய்து, அப்படியே எழுதுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அவன் பாதம் இரண்டையும் சேர்த்து வைத்து, கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி நிற்கட்டும். பக்கத்தில் பிடிக்க ஒரு ஆள் இருக்கவேண்டும். பிறகு ஒரு பேப்பரைக் கையில் கொடுத்து, நடந்துகொண்டே வாசிக்கச் சொல்லுங்கள். காதுக்குள் இரைச்சல் இருக்கிறதா, இருந்தால் எப்போதிருந்து என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம் என்று மக்டலீன் சொல்கிறாள்.

உங்கள் பதில் வரும் வரை அவனைக் கடலுக்கு விட வேண்டாம். அம்மாவுக்குத் தடிமன் என்றாவது சொல்லி மறியுங்கள். உங்களுக்குப் பொய் வராதா என்ன? கோழிக்கூட்டைக் கேட்டால் தெரியும்.

அன்பு மகள்,
குணம்


பருத்தித்துறை,
27.6.1965.

அன்பு மகளுக்கு,

கடிதத்தை நீ சொன்னபடி ஒளித்துவிட்டேன். சோதனையை எப்படி ஒளித்துச் செய்கிறது? போட்டி என்று சொன்னேன். "கண்ணை மூடிக்கொண்டு, காலைச் சேத்து, ஆர் கூட நேரம் நிக்கிறது எண்டு பாப்பம்" என்று கடற்கரை மணலில் நேற்றுப் பின்னேரம் வரிசையாக நின்றோம். நான், கொம்மா, இளையதம்பி, கனகு. முதலில் தோற்கப்போவது என் முழங்கால்தான் என்று நானே நினைத்தேன். நூறு எண்ணும் வரை நின்றேன். கொம்மா கையில் அகப்பையோடு இருநூறு எண்ணியும் நின்றாள், அவளை நாங்கள்தான் கெஞ்சிக் கண்ணைத் திறக்கச் சொன்னோம்.

கனகு கண்ணை மூடினான். ஐந்து எண்ணவில்லை. கட்டின கயிறு அறுந்தால் பாய்மரம் சாயுமே, அப்படி முழு நீளத்துக்குச் சாய்ந்தான். இளையதம்பி தாங்கிப் பிடித்தான். எல்லாரும் சிரித்தோம். அவனும் சிரித்து, "மணல் சரிஞ்சுபோச்சு, இன்னொருக்கா நிக்கிறன்" என்றான். இன்னொருக்காவும் விழுந்தான். "மூண்டாந்தரம் நிக்கிறியோடா?" என்று இளையதம்பி கேட்க, "எனக்கு விளையாட்டு வேண்டாம்" என்று எழும்பிப் போய்விட்டான். அப்போதும் அந்தக் கால் அகட்டின நடைதான். நேற்று முதல் எனக்கு அதைப் பின்னால் நின்று பார்க்க விருப்பமில்லை.

பேப்பரை நடந்துகொண்டு வாசிக்கச் சொன்னேன். "எழுத்தெல்லாம் இறால் மாதிரித் துள்ளுது ஐயா" என்றான். நின்றால் வாசிக்கிறான்.

சங்கைக் காதில் வைத்தது போல எந்நேரமும் இரைகிறதாம். எப்போதிருந்து என்று கேட்டேன். "கனநாளாய்த்தான்" என்றான். என்னைப் பார்க்காமல், வலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

கூட்டாமல் குறைக்காமல் எழுதிவிட்டேன். இனி என் மூளைக்கு எட்டினதையும் எழுத விடு. பிள்ளை தரையில் விழுகிறான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடலில் விழவில்லையே! ஆடுகிற வள்ளத்தில் மற்றவர்கள் துவண்டு கிடக்க, அவன் ஒருத்தன்தான் தெளிவாக இருக்கிறான். வருத்தம் என்று ஒன்று இருந்தால் கடலில் அல்லவா முதலில் காட்டவேண்டும்? நான் முப்பது வருஷம் கப்பலோடினவன். இது எனக்குத் தெரிந்த பாடம்.

தடிமன் பொய் இரண்டு நாள்தான் ஓடியது. கொம்மா தும்மாமல் கெடுத்துவிட்டாள். போன திங்கட்கிழமை முதல் கனகு திரும்பவும் போகிறான். காலையில், பாட்டுப் பாடிக்கொண்டு. அவன் பாடி நான் கேட்டு எத்தனை வருஷம் தெரியுமா உனக்கு?

ஐயா


கொழும்பு,
1.7.1965.

அன்புள்ள ஐயாவுக்கு,

நேற்று எங்கள் டொக்டரிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியும். கடைசிப் பந்தியை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "உங்கட ஐயா நல்லாக் கவனிக்கிற மனிசன். ஆனால் தலைகீழாய் விளங்கி வைச்சிருக்கிறார்" என்றார். அவர் எனக்குச் சொன்னதை உங்களுக்கு எழுதுகிறேன்.

மேசன்மார் சுவரில் வைத்துப் பார்க்கிற ரசமட்டம் உங்களுக்குத் தெரியும். அதுபோல ஒன்று ஒவ்வொரு காதுக்குள்ளும் ஆழத்தில் இருக்கிறது. தலை எந்தப் பக்கம் சரிகிறது, எது மேல், எது கீழ் என்று அதுதான் சொல்கிறது. வள்ளம் ஆடும்போது அது ஓயாமல் ஆடி ஆடிச் செய்தி சொல்லுவதால்தான் ஆட்களுக்குச் சத்தி வருகிறது. கசத்தைக் கொன்ற அந்த ஊசி, சிலருக்கு இந்த மட்டத்தையும் கருக்கிவிடும். தம்பிக்கு இரண்டு பக்கமும் கருகிவிட்டது போலத் தெரிகிறது. ஆடுகிறது என்று சொல்ல உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. அதனால்தான் அவனுக்குச் சத்தி வரவில்லை.

அவன் இப்போது கண்ணாலும் பாதத்தாலும்தான் நிமிர்ந்து நிற்கிறான். காலை அகட்டி வைப்பது அதற்காக. இருட்டில் கண் போய்விடும். தண்ணீருக்குள் பாதமும் போய்விடும். கலங்கல் தண்ணீரில் தலை மூழ்கினால், எந்தப் பக்கம் மேல் என்று அவனுக்குத் தெரியாது. நன்றாக நீந்தத் தெரிந்தவனே கீழ்நோக்கி நீந்திப் போய்விடுவானாம். இப்படி ஒருவரை டொக்டருக்குத் தெரியும். அவரைப் பற்றி நான் உங்களுக்கு எழுதப்போவதில்லை.

ஐயா, அவனை நிறுத்துங்கள். உடனே இங்கு கூட்டி வாருங்கள். இந்தக் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். இதை மட்டும் சத்தமாக வாசியுங்கள்.

உங்கள் மகள்,
குணம்


பருத்தித்துறை,
9.7.1965.

குணம்,

உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. நான் வாசிக்கவில்லை. எனக்குள் வாசித்தேன், அவனுக்கு வாசிக்கவில்லை. ஞாயிறு சொல்லலாம் என்று இருந்தேன். ஞாயிறு அவன் பாரை மீன் கொண்டுவந்து, கொம்மாவின் கையில் கொடுத்து, "சத்திக்கப்பல் பிடிச்ச மீன்" என்று சிரித்தான். திங்கள் சொல்லலாம் என்று இருந்தேன்.

புதன்கிழமை காலை, பவளப்பாருக்கு வெளியே நங்கூரம் கல்லில் மாட்டிக்கொண்டது. இளையதம்பி, "நில்லடா, நான் இறங்குறன்" என்று சொல்ல முன், அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்துவிட்டான். மூன்று ஆள் ஆழம்தான். சிறு வயதில் நாணயம் போட்டால் எடுத்து வருவானே, அவ்வளவு ஆழம். நீரோட்டம் திரும்பித் தண்ணீர் கலங்கியிருந்தது. நங்கூரத்தைக் கழற்றிவிட்டான். நங்கூரக் கயிறு இளகியது. ஆள் வரவில்லை. இடுப்புக் கயிறு இன்னும் இன்னும் கீழே போகிறது. இளையதம்பி இழுத்திருக்கிறான். இவன் அந்தப் பக்கம் இழுக்கிறான். கீழே இருந்து ஏதோ பிடித்துக்கொண்டது என்று நினைத்து, வள்ளத்தில் இருந்த மூன்று பேருமாய்ச் சேர்ந்து இழுத்து, தலைமயிரில் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். இரண்டு கை நிறைய மண்.

பிழைத்துவிட்டான். தண்ணீர் கக்கினான். பேச்சு வந்ததும் இளையதம்பியைப் பார்த்து, "மேலைதான் போறன் எண்டு நினைச்சன் அண்ணை. பிறகு ஏன் மண் வந்தது?" என்று கேட்டானாம்.

நாளைக் கழித்து யாழ்தேவியில் வாறோம். நிலையத்துக்கு வா.

ஐயா


பருத்தித்துறை,
25.7.1965.

அன்பு மகளுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். நீ கட்டித் தந்த இடியப்பத்தை வவுனியாவிலேயே நான் முடித்துவிட்டேன். கனகு சாப்பிடவில்லை.

சொந்தக்காரர் உள்ளே நிற்கக்கூடாது என்று உன்னை அந்த அறைக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். ஆகவே உள்ளே உன் ஐயா பட்டபாட்டை நான்தான் எழுதவேண்டும். மற்றவர்கள் எழுதினால் கூட்டி எழுதுவார்கள்.

கனகுவைக் கட்டிலில் சாய்த்து, காதுக்குள் ஐஸ் தண்ணீர் விட்டார்கள். டொக்டர் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன செய்யுது, தம்பி?" "குளிருது டொக்டர்." "சுத்துதோ?" "இல்லை." மற்றக் காதுக்கும் விட்டார்கள். அதே குளிர், அதே இல்லை. நான் சும்மா இருந்தேனா? "கண்டியளோ டொக்டர், என்ரை பிள்ளை ஒண்டுக்கும் அசைய மாட்டான்" என்றேன். எனக்கு அப்போதும் அது கெட்டித்தனமாகத்தான் பட்டது. இன்னும் ஒரு படி மேலே போய், "உந்தத் தண்ணியிலை ஒண்டும் இல்லைப் போல கிடக்கு" என்றேன். டொக்டர் என்னைப் பார்த்தார். "அப்ப நீங்கள் ஒருக்கா ஏறிப் படுங்கோவன்" என்றார்.

ஒரு கரண்டித் தண்ணீர்தான் விட்டிருப்பார்கள், மகளே. நாகப்பட்டினத்துக்கு நேரே ஒரு கார்த்திகைப் புயலில் கப்பல் முறிய நின்றபோதும் நான் காணாத சுற்று. அறை போகிறது, டொக்டர் போகிறார், கூரை என்னைத் தாண்டிக் கீழே போகிறது. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அம்மாளாச்சி!" என்று கத்தினேன். முப்பது வருஷம் கப்பலில் ஒரு நாளும் எடுக்காத சத்தியை, கட்டிலில் படுத்துக்கொண்டு, டொக்டரின் சப்பாத்தில் எடுத்தேன். அவர் கோபிக்கவில்லை. கனகுவிடம், "பாத்தீரோ? இதுதான் சுகமான காது" என்றார்.

அவன் என் நெற்றியைத் துடைத்துவிட்டான். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது என்று நினைக்கிறேன். எனக்கும் அப்போதுதான். உன் ரசமட்டம் எழுத்தில் விளங்கவில்லை, வயிற்றில் விளங்கியது.

பிறகு டொக்டர் இன்னும் கொஞ்சம் கேள்வி கேட்டு அட்டையில் எழுதினார். கருகினது திரும்ப முளைக்காது என்றார். கண்ணையும் காலையும் பழக்கிப் பழக்கித் தரையில் ஓரளவு நன்றாக நடக்கலாம், கடல் இனி வேண்டாம் என்றார்.

இரயில் அனுராதபுரத்தைத் தாண்டியது. கனகு யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "அப்ப அது அம்மன் தந்ததில்லையோ ஐயா?" என்று கேட்டான். நான், "தண்ணி குடிக்கிறியோ?" என்று கேட்டேன்.

ஐயா


கொழும்பு,
1.8.1965.

அன்புள்ள ஐயா, அம்மா, தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை முற்றத்தில் இருந்து எல்லாரும் கேட்க வாசியுங்கள். ஒளிக்க ஒன்றுமில்லை.

தம்பி ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டியது: கையை நீட்டிப் பெருவிரலைப் பார்த்தபடி, தலையை இடமும் வலமுமாய் ஆட்டவேண்டும். விரல் தெளிவாகத் தெரிகிற வேகம் வரை போதும். சுவரில் ஒரு பெரிய எழுத்தை ஒட்டி, நடந்துகொண்டே அதைப் பார்க்கவேண்டும். பகலில் சுவரோரமாகக் குதிக்காலும் விரலும் முட்ட நடக்கவேண்டும். பொழுதுபட்டால் கையில் டோர்ச் லைட் இல்லாமல் படியிறங்கக்கூடாது. இடுப்புக்கு மேல் தண்ணீரில் நிற்கக்கூடாது. முதல் மாதம் தலை களைக்கும், எரிச்சல் வரும். விடக்கூடாது. இப்படிப் பழகி நன்றாக இருக்கிறவர்களை நான் இங்கு காண்கிறேன்.

அம்மா, மீனெண்ணெய் போதும், பாவம் அவன்.

இனி தம்பிக்கு மட்டும். கனகு, உன் அட்டையை முந்தாநாள் எடுத்துப் பார்த்தேன். "ஊசி தொடங்கி ஆறாம் கிழமையளவில் கட்டில் மிதப்பது போலவும், காதில் இரைச்சலும் இருந்தது. அப்போது ஒருவருக்கும் சொல்லவில்லை" என்று டொக்டர் எழுதியிருக்கிறார். இரண்டு நாளாய் எனக்கு அழுகையும் கோபமுமாய் இருக்கிறது. ஏன்டா சொல்லவில்லை? அந்த நேரம் ஒரே ஒரு ஆளுக்குச் சொல்லியிருந்தால் ஊசியை நிறுத்தி, விழுங்குகிற குளிசைக்கு மாற்றியிருப்பார்கள். அதற்கு நல்ல குளிசை இருந்தது. நெஞ்சும் சுகப்பட்டிருக்கும், காதும் மிஞ்சியிருக்கும். அரைவாசி ஊசியில் போனது போகட்டும், மற்ற அரைவாசி மிஞ்சியிருக்குமே. ஐயா ஞாயிற்றுக்கு ஞாயிறு பஸ் மாறி மாறி வந்து உன் பக்கத்தில் இருந்தாரே, அவருக்காவது ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா?

கோபிக்காதே. அக்கா எழுதாமல் யார் எழுதுவது.

குணம்


பருத்தித்துறை,
8.8.1965.

என் குணம்,

நீ சொன்னபடி முற்றத்தில்தான் வாசித்தேன். மீனெண்ணெய்க்கு எல்லாரும் சிரித்தார்கள். கொம்மாவும் சிரித்து, போத்தலை இளையதம்பியிடம் தள்ளிவிட்டாள். "இனி தம்பிக்கு மட்டும்" என்ற இடம் வந்தது. சுருட்டுப் பந்திக்கு ஓடாத மூளை இதற்கு ஓடியது, கண் முந்திப் போய் வாசித்துவிட்டது. வாய் நின்றுவிட்டது. "வெய்யில் கண்ணிலை குத்துது" என்றேன். அப்போது முகிலாக இருந்தது.

கனகு திருத்திக்கொண்டிருந்த வலையை வைத்துவிட்டு வந்து, கடிதத்தை வாங்கி, நின்றபடி தானே வாசித்தான். ஒரு சொல் விடாமல், சத்தமாக. வாசித்து முடித்து மடித்து என் மடியில் வைத்தான். "அக்கா சொல்லுறது சரி. என்ரை பிழைதான்" என்றான்.

கொம்மா பிடித்துக்கொண்டாள். "ஏன்ரா சொல்லேல்லை? கொழுத்த வாய், ஊருக்கெல்லாம் கதைக்கும். ஐயாவுக்குச் சொல்லியிருந்தால் அந்த மனிசன் டொக்டரின்ரை காலிலை விழுந்தெண்டாலும் நிப்பாட்டி இருக்குமே?"

"மறந்து போனன் அம்மா" என்றான். வலைக்குப் போய்விட்டான்.

நான் எழும்பிக் கோழிக்கூட்டுப் பக்கம் போய் நின்றேன். அங்கே சுருட்டு இல்லை என்று எனக்குத் தெரியும்.

அவன் செய்தியை முதலில் எழுதிவிடுகிறேன், நீ அதற்குத்தான் காத்திருப்பாய். பெருவிரல் பார்க்கிறான். சுவரில் ஒரு பெரிய 'அ' எழுதி ஒட்டியிருக்கிறோம். இந்த வயதில் திரும்ப முதலாம் வகுப்பு என்று பகிடி பண்ணுகிறான். நெல்லியடியில் வள்ள இயந்திரம் திருத்துகிற பட்டறையில் வேலைக்குக் கேட்டிருக்கிறேன், வரச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் வள்ளங்கள் போகும்போது மட்டும் முற்றத்துக்கு வருவதில்லை. பாடுவதில்லை.

இனி மற்றது.

மார்கழி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாற்பத்தைந்தாவதோ என்னவோ ஊசி முடிந்திருந்தது. நான் முட்டையும் பாணும் கொண்டு போனேன். அவன் கட்டிலின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு இருந்தான். "ஐயா, கட்டில் மிதக்குது. காதுக்குள்ளை இரையுது. எழும்பினால் தரை போகுது. டொக்டரிட்டை ஒருக்காச் சொல்லுங்கோ" என்றான். நான் சிரித்தேன். "கடல்காரன்ரை பிள்ளைக்குக் கட்டிலும் கப்பல்தானடா. இப்பதான் உனக்கு எங்கடை ரத்தம் ஊறுது" என்றேன். அவன் சிரிக்கவில்லை. "சொல்லுங்கோ ஐயா" என்றான் திரும்பவும்.

குணம், உன் பெரியையா ஆழ்வாப்பிள்ளையை நீ காணவில்லை. எங்கள் வளவின் மூலையில் ஒரு கொட்டில் போட்டு அவரைத் தனியே வைத்திருந்தோம். சோற்றை வாசலில் வைத்துவிட்டு ஓடி வருவேன். எனக்கு அப்போது உன் தம்பியின் வயது. அவர் இருமல் நின்ற அன்றைக்கு, அண்ணைக்குச் சுகம் வந்துவிட்டது என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். எதையும் தலைகீழாய் விளங்குவது எனக்கு இன்று தொடங்கினதில்லை. அதனால் ஊசி என்றால் எனக்குக் கடவுள். ஒரு ஊசி குறைந்தால் ஒரு வருஷ ஆயுள் குறையும் என்று நானே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நான் கனகுவின் கையைப் பிடித்து, "சொன்னால் ஊசியை நிப்பாட்டிப் போடுவாங்கள். வாயைத் திறவாதை, மோனை. எனக்காகப் பொறு" என்றேன். பொறுத்தான். மற்ற நாற்பத்தைந்தையும் பொறுத்தான்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். இதையெல்லாம் உன் கையால், உன் எழுத்தில், ஒரு கடிதமாக எழுதி இந்த வீட்டு விலாசத்துக்கு அனுப்பு. முற்றத்தில் சத்தமாக வாசிக்கிறவன் நான்தானே. என்னால் நானாகச் சொல்ல முடியவில்லை. எழுதி வந்தால் வாசித்துவிடுவேன். வெயில் என்று சொல்லமாட்டேன்.

நீ வாசலுக்கு வெளியே நின்ற நேரம்தான் டொக்டர் கேட்டார்: "ஊசி போடேக்கை இப்பிடி இருந்தது எண்டு அப்ப ஆருக்கும் சொன்னீரோ, தம்பி?" கனகு ஒரு தரம் என்னைப் பார்த்தான். நான் சத்தி எடுத்த களைப்பில், தலையில் ஈரத் துவாயோடு கதிரையில் இருந்தேன். "இல்லை டொக்டர், ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றான். டொக்டர் உடனே எழுதிவிடவில்லை. பேனையில் மை வரவில்லை. உதறினார், கடதாசியில் கீறிப் பார்த்தார், மேசையில் வேறு பேனை தேடினார். அவ்வளவு நேரமும் என் வாயில் மூன்று சொல் இருந்தது.

எனக்குச் சொன்னவன், டொக்டர்.

ஐயா